பூஞ்சை எதைக் கேட்டு வளர்கிறது?



காய்வெட்டாக வாங்கி வந்த மாங்காயை வைக்கோலில் பழுக்க வைக்கிறோம். பச்சையாக இருந்தவரை தோலில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் ஏறி வாசம் வந்த அன்று ஊசிமுனை அளவில் கரும்புள்ளி தெரிகிறது. மறுநாள் அது பரவி, அதற்கு அடுத்த நாள் பழம் அழுகுகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நோய் தொற்றியது என்று நினைக்கிறோம். அது சரியல்ல. கொலிட்டோட்ரைக்கம் என்ற அந்தப் பூஞ்சை, காய் மரத்தில் தொங்கிய காலத்திலேயே தோலின்மேல் வந்து ஒட்டியிருக்கக்கூடும். வந்தும் ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் காத்திருந்தது.

எதற்காகக் காத்திருந்தது? கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலர் பாப்பச்சன் கொளத்துக்குடியும் அவருடன் மோஷே ஃபிளைஷ்மனும் 1994இல் இதற்கு விடை தந்தார்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. பழத்தின் உடம்புக்குள் எல்லாத் திசுக்களுக்கும் ‘பழுக்கத் தொடங்கு’ என்று சொல்லும் ஹார்மோன் அது. பழத்துக்கென்று பழம் அனுப்பிய அந்தச் செய்தியைத் தோலின்மேல் உள்ள பூஞ்சையும் கேட்கிறது. கேட்டதும் அதன் ஸ்போர்கள் முளைக்கின்றன, இழை கிளைக்கிறது, தோலைத் துளைக்கும் உறுப்புகள் ஒன்றுக்குப் பலவாக உண்டாகின்றன. எத்திலீன் பொங்கிப் பழுக்கும் இனங்களைத் தாக்கும் கொலிட்டோட்ரைக்கம் வகைகளுக்கே இந்தக் காது உண்டு. அப்படிப் பழுக்காத கனிகளைத் தாக்கும் அதன் உறவினர்கள் எத்திலீனைப் பொருட்படுத்துவதில்லை.

இன்று நான் சொல்ல வந்ததன் கரு இந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. பூஞ்சையின் வளர்ச்சியை வேதிப்பொருள்கள் ஆளுகின்றன என்று பாடநூல் சொல்லும். அதில் பாதிதான் உண்மை. ஒரு மூலக்கூறு தனக்குள் எந்தக் கட்டளையையும் சுமந்து வருவதில்லை. யார் கேட்கிறார்கள், எந்த நிலையில் இருந்து கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதே பொருள் ‘எழு’ என்றும் ‘நில்’ என்றும் ஆகிறது.

பூஞ்சையின் உடம்பை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ரொட்டி பூசணம் பூத்துவிட்டது என்கிறோமே, அந்தப் பூசணம் மெல்லிய இழைகளின் வலை. ஒவ்வோர் இழையும் நுனியில் மட்டுமே நீள்கிறது. உணவை விழுங்க வாயில்லை. நொதிகளை வெளியே கொட்டி, வெளியிலேயே செரிக்க வைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. நரம்போ ரத்த ஓட்டமோ கிடையாது. ஆகவே பூஞ்சைக்கு வளர்ச்சி என்பது நுனி எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே கிளைக்கிறது, எப்போது நிற்கிறது என்ற மூன்று முடிவுகள்தான். அந்த முடிவுகளுக்கான தகவல், அது மூழ்கியிருக்கும் ஈரத்தின் வழியாகவும் காற்றின் வழியாகவும் வந்து சேர்கிறது.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியவர் ஜான் ராப்பர். 1930களின் இறுதியில், ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, அக்லியா என்ற நீர்ப்பூஞ்சையை எடுத்துக்கொண்டார். குளத்தில் விழுந்த விதையிலும் செத்த பூச்சியிலும் வெள்ளைப் பஞ்சாக வளரும் உயிர் அது. ஆணும் பெண்ணும் அருகருகே வளர்ந்தால் ஆண் இழை மெல்லிய கிளைகளை விடும். பெண் இழை உருண்டையான முட்டைப் பைகளை உண்டாக்கும். கிளைகள் பைகளைத் தேடிப் போய்த் தழுவும். அந்தோன் தெ பாரி என்ற ஜெர்மானிய மேதை 1881லேயே, இதன் பின்னால் ஏதோ கரையும் பொருள் இருக்கவேண்டும் என்று ஊகித்திருந்தார். ஊகத்தை எப்படி நிரூபிப்பது?

ராப்பர் கண்ணாடி அறைகளை வரிசையாக வைத்தார். நீர் ஒரே திசையில், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மெல்லச் செல்லும்படி வளைகுழாய்களால் இணைத்தார். முதல் அறையில் பெண், அடுத்ததில் ஆண், அதற்கடுத்ததில் பெண் என்று மாற்றி மாற்றி வளர்த்தார். ஒன்றையொன்று தொட வழியில்லை. நீர் மட்டுமே பொது. முதல் அறையின் பெண்ணுக்கு மேலிருந்து எந்தச் செய்தியும் வராததால் அது மாறவே இல்லை. ஆனால் அதைத் தழுவி வந்த நீர் பட்டதும் இரண்டாம் அறையின் ஆண் கிளை விட்டது. அந்த ஆணைத் தொட்டு வந்த நீர் பட்டதும் மூன்றாம் அறையின் பெண் முட்டைப் பைகளைத் தொடங்கியது. பெண் முதலில் பேசுகிறது. கேட்ட பிறகே ஆண் மாறுகிறது. மாறிய ஆணுக்கு மட்டுமே பதில் பேச முடிகிறது. இந்த வரிசையைச் சில கண்ணாடி அறைகளும் ஓடும் நீரும் கொண்டு ஓர் இளைஞர் கண்டார். உயிரியலில் நான் மிகவும் மதிக்கும் சோதனைகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன். கல்லூரிகளில் இதை ஒரு வரியில் கடந்து போவது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

அந்தப் பொருளைக் கையில் பிடிப்பது வேறு கதை. ராப்பர் கால்டெக்கில் ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலருடன் சேர்ந்து ஏராளமான வளர்ப்பு நீரை வடித்துப் பார்த்தார். தூய பொருள் அப்போது கிட்டவில்லை. 1967இல்தான் டிரெவர் மக்மாரிஸும் ஆல்மா பார்க்ஸ்டேலும் அதைப் படிகமாகப் பிரித்தார்கள். ஆந்திரிடியால் என்று பெயர். அடுத்த ஆண்டு அமைப்பு தெரிந்தபோது அது ஒரு ஸ்டீராய்டு! மனித உடலின் பாலின ஹார்மோன்கள் சேர்ந்த அதே பெருங்குடும்பம். ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே ஆண் இழை உணர்ந்துவிடுகிறது. ஆணைக் கிளைக்கச் செய்யும் இப்பொருளே பிறகு அந்தக் கிளைகளைப் பெண்ணை நோக்கி இழுக்கவும் செய்கிறது என்று பார்க்ஸ்டேல் காட்டினார். ராப்பர் இவ்விரண்டு வேலைக்கும் இரண்டு ஹார்மோன்கள் தேவைப்படும் என்று எண்ணியிருந்தார்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அக்லியாவை இன்று உண்மையான பூஞ்சைகளோடு சேர்ப்பதில்லை. மரபணு வழியில் அது பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவு. ஆனால் ராப்பர் திறந்த வழியில் நடந்தவர்கள் உண்மையான பூஞ்சைகளிலும் இதையே கண்டார்கள்.

அல்லோமைசிஸ் என்பது அப்படி ஒன்று. இந்திய மண்ணிலிருந்து, இந்தியத் தாவர நோயியலுக்கு அடித்தளமிட்ட எட்வின் பட்லர் 1911இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய நீர்ப்பூஞ்சை. இதன் ஆண், பெண் அணுக்கள் இரண்டும் நீரில் நீந்தும். பெண் அணு விடும் பொருளை நோக்கி ஆண் அணுக்கள் திரண்டு வருவதை பெர்க்லியில் லெனர்ட் மாக்லிஸ் ஆராய்ந்து, கிரேக்கப் புராணத்தில் மாலுமிகளைப் பாடி இழுத்த சைரன்களின் பெயரால் சைரனின் என்று அதை அழைத்தார். அது 15 கார்பன்கள் கொண்ட சிறு மூலக்கூறு. இந்த 15 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொட்டிப் பூசணத்தின் உறவான மியூக்கர் வகைகளில் ஆண், பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கூடல் நடக்க இரண்டு எதிர் வகைகள் வேண்டும் என்று 1904இல் ஆல்பர்ட் பிளேக்ஸ்லி கண்டு, கூட்டல், கழித்தல் என்று குறியிட்டார். 1924இல் ஹான்ஸ் புர்கெஃப் இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வை வைத்தார். தொட முடியாத நிலையிலும் இரண்டு பக்க இழைகளும் கூடலுக்கான கிளைகளை நீட்டின. அந்தப் பொருள் டிரைஸ்போரிக் அமிலம் என்று பின்னர் தெரியவந்தது. அது பிறக்கும் விதம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. கூட்டல் வகையால் அதைத் தனியே செய்து முடிக்க முடியாது. கழித்தல் வகையாலும் முடியாது. ஒவ்வொன்றும் பாதி வேலை செய்து, அரைகுறைப் பொருளை வெளியே விடுகிறது. எதிர் வகை அதை எடுத்து மிச்சத்தை முடிக்கிறது. இணை அருகில் இருந்தால் ஒழிய ஹார்மோனே இல்லை. இவ்வளவு நம்பகமான சாட்சியை வேறு எந்த ஏற்பாடும் தராது.

இந்த அமிலத்தின் மூலப்பொருள் பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டின் நிறமி. நம் உடல் அதைப் பிளந்து வைட்டமின் ஏ செய்கிறது. பூஞ்சை அதைப் பிளந்து கூடல் ஹார்மோன் செய்கிறது. டிரைஸ்போரிக் அமிலம் கரோட்டின் உற்பத்தியையும் பெருக்குவதால், பிளேக்ஸ்லியா டிரைஸ்போரா என்ற பூஞ்சையின் இரு வகைகளையும் தொட்டிகளில் சேர்த்து வளர்த்து, உணவுக்கான பீட்டா கரோட்டினைத் தொழிற்சாலைகளில் எடுக்கிறார்கள்.

ஈஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதிலும் இரு வகைகள் உண்டு: ஏ, ஆல்ஃபா. ஆல்ஃபா விடும் செய்தி 13 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. ஏ விடுவது 12 கோத்தது, நுனியில் ஒரு கொழுப்பு வால். செய்தி கிடைத்த செல் பிளவுறுவதை நிறுத்தி, செய்தி அதிகமாக வரும் பக்கம் மூக்கு நீட்டி வளர்கிறது. இந்த நிறுத்தத்தைப் பயன்படுத்தி, செல் பிளவைத் தொடங்கும் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று கண்டவர்களில் லீலண்ட் ஹார்ட்வெல் 2001இல் நோபல் பரிசு பெற்றார். நான் இங்கே சுட்ட விரும்புவது வேறொன்று. ஆல்ஃபாவின் செய்தியைக் கேட்கும் ஏ செல்லே, அந்தச் செய்தியை வெட்டி அழிக்கும் நொதியையும் வெளியிடுகிறது. பழைய செய்தி தேங்கி நின்றால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் போகும். திசை தெரிய வேண்டுமானால் கேட்டதை உடனே துடைக்கவும் வேண்டும். செய்தியைப் பற்றி ஆராய்ந்த அளவுக்கு இந்தத் துடைக்கும் வேலையை நாம் ஆராயவில்லை என்பது என் கருத்து.

அந்தக் கொழுப்பு வாலுக்கு வருவோம். பெப்டைடு ஒன்றில் அப்படி ஒரு வால் இருக்கும் என்று முதலில் கண்டவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். 1970களின் இறுதியில், ரோடோஸ்போரிடியம், ட்ரெமெல்லா என்ற பூஞ்சைகளின் கூடல் ஹார்மோன்களில் அதைக் கண்டார்கள். ஃபார்னிசைல் என்று பெயர், 15 கார்பன்கள். பூஞ்சை ஆய்வாளர்களைத் தவிர யாரும் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. 1989இல், மனிதப் புற்றுநோய்களில் முக்கியப் பங்குள்ள ராஸ் என்ற புரதத்துக்கும் அதே வால் இருப்பது தெரிந்தது. வால் இல்லாவிட்டால் ராஸ் செல்லின் சவ்வில் ஒட்டாது, வேலையும் செய்யாது. மருத்துவ உலகம் அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தது.

சைரனினுக்கு 15 கார்பன், ஃபார்னிசைலுக்கு 15. இது தற்செயல் இல்லை. ஐந்து கார்பன் கொண்ட ஒரே அலகை மூன்று முறை கோத்தால் 15 வரும். எட்டு முறை கோத்தால் 40 கார்பன் கொண்ட கரோட்டின். 15, 15ஆக இரண்டைச் சேர்த்தால் 30, அதிலிருந்து ஸ்டீராய்டு. அக்லியா, அல்லோமைசிஸ், மியூக்கர், ஈஸ்ட் எல்லாம் ஒரே சரக்கறையிலிருந்து எடுத்திருக்கின்றன. பொருள் புதிதாகப் பிறந்தது குறைவு. கேட்கும் விதம்தான் ஒவ்வோர் இனத்திலும் தனித்தனியாக வளர்ந்திருக்கிறது.

இதே 15 கார்பன் ஃபார்னிசால் என்ற பெயரில் மீண்டும் வருகிறது. கேண்டிடா ஆல்பிகன்ஸ் நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தொல்லை தராமல் வாழும் பூஞ்சை. அதற்கு இரண்டு உருவம்: உருண்டை ஈஸ்ட், நீண்ட இழை. திசுவைத் துளைத்து நுழைவது இழை வடிவம். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் செல்களுக்கு மேல் நெருங்கி இருந்தால் அவை உருண்டையாகவே இருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் இழை விடுகின்றன. தன் கூட்டத்தை எப்படி எண்ணுகிறது? ஒவ்வொரு செல்லும் ஃபார்னிசாலைக் கசியவிடுகிறது. கூட்டம் கூடினால் அதன் அளவும் கூடுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் இழை விடுவது நிற்கிறது. 2001இல் நெப்ராஸ்காவில் கென்னத் நிக்கர்சனின் குழு இதைக் கண்டது. பூஞ்சைக்கும் தலை எண்ணத் தெரியும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். ஆனால் 1969லேயே, இந்தியாவிலிருந்து சென்று அமெரிக்காவில் பணியாற்றிய லிங்கப்பாவும் அவருடன் சேர்ந்தோரும், கேண்டிடா தன் வளர்ச்சியைத் தானே தடுக்கும் இரு பொருள்களை விடுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒன்று பினைல் எத்தனால், ரோஜாவின் மணத்தில் உள்ள பொருள். மற்றது டிரிப்டோஃபால். அதே இரண்டையும் ரொட்டி ஈஸ்ட் நைட்ரஜன் குறைந்த நிலையில் கேட்டால், தடைபடுவதற்கு மாறாக இழைபோல் நீளத் தொடங்குகிறது என்று 2006இல் தெரிந்தது.

இழையைத் தடுக்கிறது என்றால் ஃபார்னிசாலையே மருந்தாகக் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நிக்கர்சன் குழுவுக்கும் தோன்றியது. கேண்டிடா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் அதிகம் இறந்தன. கண்ணாடிக் குடுவையில் கேட்பவர் ஒருவர்தான். உயிருள்ள உடம்பில் நோய் எதிர்ப்புச் செல்களும் அந்தப் பொருளைச் சந்திக்கின்றன, அவை அதை வேறு விதமாகக் கேட்கின்றன. சமிக்ஞையைப் பிடித்துவிட்டோம், இனி நோயை அடக்கிவிடலாம் என்று அவசரப்படுவோருக்கு முன்னால் இந்தச் சோதனையைத்தான் வைப்பேன்.

நெருக்கத்தை உணரும் திறன் துருநோய்ப் பூஞ்சையிலும் உண்டு. கோதுமைத் தண்டின் கருந்துரு கோடையைக் கழிப்பது நம் நீலகிரியிலும் பழனி மலையிலும்தான். அங்கிருந்து காற்றிலேறி மத்திய இந்தியாவின் வயல்களில் மழையோடு இறங்குகிறது. அதன் ஸ்போர் கொப்புளத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும்போது, ஒவ்வொன்றும் விடும் ஒரு பொருள் மற்றவற்றை முளைக்கவிடாமல் வைத்திருக்கிறது. காற்றில் பிரிந்து, இலையின் ஈரத்தில் அந்தப் பொருள் கரைந்துபோன பிறகே முளை வருகிறது.

பூஞ்சையை நோய்க்கிருமியாக மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நம் பயிர்களில் பெரும்பாலானவற்றின் வேருக்குள் வேர் உட்பூசணம் வாழ்கிறது. உழவர்கள் ‘வேம்’ என்று வாங்கி இடுகிறார்களே, அதுதான். மணிச்சத்தைத் தொலைவிலிருந்து திரட்டிச் செடிக்குத் தருகிறது. செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது. மண்ணில் முளைத்த அதன் இழைக்கு வேர் எங்கே என்று எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கான விடை, வேறொரு புதிரின் விடையாக வந்தது. சோளக்கொல்லையில் சுடுமல்லி என்ற களை வரும். பயிரின் வேரிலேயே ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். வேர் அருகில் வந்தால்தான் முளைக்கும். வேரிலிருந்து கசிந்து அந்த விதையை எழுப்பும் பொருள் 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரிக்கப்பட்டது. இந்தக் குடும்பத்தை ஸ்டிரைகோலாக்டோன்கள் என்கிறோம். தன்னைக் கொல்லும் களையை எழுப்பும் பொருளைச் செடி ஏன் வெளியே விடவேண்டும்? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. 2005இல் ஜப்பானில் கோஹ்கி அகியாமாவும் உடன் ஆய்ந்தோரும், அப்பொருள் பட்டதும் வேர் உட்பூசணத்தின் இழை சட்டென்று பலவாகக் கிளைப்பதைக் காட்டினார்கள். பிகோகிராம் அளவே போதுமானதாக இருந்தது. செடி கூப்பிட்டது பூஞ்சையை. களை அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொண்டது. 2008இல் இன்னொன்றும் தெரிந்தது: அதே பொருள் செடியின் சொந்த உடம்பில் பக்கக் கிளைகளை அடக்கும் ஹார்மோன். பூஞ்சைக்குக் ‘கிளை’ என்றும், களைக்கு ‘முளை’ என்றும், செடிக்குக் ‘கிளைக்காதே’ என்றும் ஒரே பொருள். இதுவும் கரோட்டினிலிருந்து பிறந்ததுதான். மண்ணில் மணிச்சத்து குறையும்போது செடி இதை அதிகம் விடுகிறது. மணிச்சத்து உரத்தை வாரி இட்டால் அழைப்பு மங்குகிறது. வேம் இடுகிற உழவர்கள் அதே பருவத்தில் அளவுக்கு மீறி சூப்பர் பாஸ்பேட் இடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

நியூரோஸ்போரா என்ற பூஞ்சையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதன் இரண்டு இளம் முளைகள் அருகருகே கிடந்தால் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து ஒன்றாக இணைந்துவிடும். இரண்டும் மரபில் ஒன்றே. ஒரே பொருளை விட்டு, ஒரே பொருளைக் கேட்கும் இரண்டு செல்களுக்குத் தன் குரல் எது, எதிரில் இருப்பதன் குரல் எது என்ற குழப்பம் வரவேண்டும் அல்லவா? 2009இல் ஆந்த்ரே ஃபிளைஸ்னரும் உடன் பணியாற்றியோரும் ஒளிரும் புரதங்களைக் கொண்டு பார்த்தார்கள். ஒரு முளையின் நுனியில் ஒரு புரதம் திரளும்போது, எதிர் நுனியில் வேறொரு புரதம் திரள்கிறது. சில நிமிடங்களில் இரண்டும் இடம் மாறுகின்றன, மீண்டும் மாறுகின்றன. நல்ல உரையாடலில் இருவர் முறைவைத்துப் பேசுவதைப்போல, ஒன்று பேசும்போது மற்றது கேட்கிறது. இந்த முறை மாறல் இணையும் வரை நிற்பதில்லை. அவை பரிமாறிக்கொள்ளும் மூலக்கூறு எது என்று இன்னும் பிடிபடவில்லை. பேச்சின் ஒழுங்கு தெரிந்துவிட்டது, சொல் தெரியவில்லை.

காளான் வளர்ப்போர் சிலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால், கடைசியாகக் காளான் குடிலுக்குள் போவோம். காளான் மணம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் 1-ஆக்டீன்-3-ஆல் என்ற பொருள். இது பென்சிலியம் என்ற பூஞ்சையின் ஸ்போர்களை முளைக்காமல் நிறுத்துகிறது. டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சையை ஸ்போர் உண்டாக்கத் தூண்டுகிறது. சில கொசு இனங்களை ஈர்க்கிறது. மொட்டுக்காளானின் இழையே இதை வெளியிட்டு, மொட்டு வைப்பதைத் தானே தடுத்துக்கொள்கிறது. படுக்கையின்மேல் கேசிங் மண் பரப்பினால்தான் மொட்டு வரும் என்று வளர்ப்போர் வெகுகாலமாக அறிவார்கள். கிருமி முழுவதும் நீக்கிய மண்ணைப் பரப்பினால் வராது என்பதும் தெரியும். காரணம், கேசிங் மண்ணில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் இந்த மணப்பொருளைத் தின்று குறைக்கின்றன. பாக்டீரியாவே இல்லாத மண்ணில் கரித்தூளைக் கலந்தாலும் மொட்டு வருகிறது. கரி மணத்தை உறிஞ்சிவிடுகிறது. அதாவது இழைக்கு ‘மொட்டு வை’ என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. ‘வைக்காதே’ என்று அது தனக்கே சொல்லிக்கொண்டிருப்பது ஓய்ந்தால் போதும்.

சிப்பிக்காளானில் கரியமில வாயுவுக்கும் இப்படி ஒரு சொல் உண்டு. குடிலில் அது தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்து, விலை போகாத காளான் வரும். மரக்கட்டைக்குள்ளும் குப்பைக்குள்ளும் வாழும் இழைக்கு, அந்த வாயு நிறைந்த இடம் என்றால் இன்னும் உள்ளே இருக்கிறோம் என்று பொருள். வெளிக்காற்றை எட்டும்வரை தண்டை நீட்டுகிறது. தண்டு நீண்டதும் வித்தில் கோளாறு என்று வித்துக் கொடுத்தவரிடம் போகாதீர்கள். முதலில் குடிலின் சன்னல்களைக் காலையும் மாலையும் திறந்துவிட்டு, அடுத்த அறுவடையைப் பாருங்கள்.